வலி மாத்திரைக்கு இரட்டைப் பூட்டு

மருந்து விற்கிற தொழிலில் அதிகமாகச் செலவாகிற சரக்கு 'இல்லை' என்கிற சொல்தான். முதுகுவலி, மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி என்று எதுவுமே இல்லாதவர் உங்களில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். தூக்க முடிந்தால் தோள்வலியும் இல்லை என்று அர்த்தம். நீங்கள் கொடுத்து வைத்தவர், இதைப் படிக்கவேண்டிய அவசியமில்லை. மற்றவர்கள் எல்லாரும் நம் கட்சி. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. டி.ஃபார்ம் முடித்ததும் அங்கேயே ஹெப்பாளில், தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் சிலுவையும் பார்த்துவிட்டு எல்லாரும் என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை, எனக்கு வீட்டில் புருஷன் இருக்கிறார் என்று விளக்குவதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டேன். சில வலி மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. மார்பின் மாதிரி மருந்தென்றால், பயிற்சி எடுத்த டாக்டர் எழுத வேண்டும், அனுமதி வாங்கின ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க வேண்டும். சர்க்கார் போட்டிருக்கிற இந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவில்தான் என் பிழைப்பு. இனி வருகிற பேச்சில் பாதிக்கு மேல் கன்னடத்தில் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

லட்சுமி, வயது ஐந்து

டிரமடால் என்கிற வலி மாத்திரையின் மேல் சட்டம் இறுகின புதிதில் எங்கள் கடையில் தினமும் சண்டைதான். அதற்கு முன்னால், ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஒன்றிரண்டு மாத்திரை வாங்கி, அங்கேயே விழுங்கிவிட்டு ஏறிப் போவார்கள். திடீரென்று ஒரு நாள் "டாக்டர் சீட்டு கொண்டு வாங்க" என்றதும், நான் ஏதோ குழந்தை கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கின மாதிரி பார்த்தார்கள். என்மேல் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவார்கள். அங்கேயும் அதே பதில் கிடைத்ததும், கோபத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு என்னிடமே திரும்பி வருவார்கள்.

அவர்களில் ஒருவர் மாதப்பா. குண்டலுபேட்டைப் பக்கத்திலிருந்து தினமும் வந்து, ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றி இறக்குகிறவர். இடுப்பு எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். நான் முடியாது என்று சொன்ன மறுநாள், முகமெல்லாம் சிரிப்பாக வந்து ஒரு சீட்டை நீட்டினார். பெயர் லட்சுமி, வயது ஐந்து என்று இருந்தது. கீழே ஒரு வலி ஊசி. அளவைப் பார்த்ததும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி படித்தேன். ஐந்து வயசுப் பிள்ளைக்கு எந்த டாக்டர் இவ்வளவு எழுதுவார்? அப்புறம்தான் எடை கண்ணில் பட்டது. முந்நூற்று எண்பது கிலோ. மேலே இருந்த முத்திரை கால்நடை ஆஸ்பத்திரியுடையது.

"அண்ணா, இது உங்க பசுவுக்கு எழுதினது" என்றேன். "ஆமா, கால்ல அடிபட்டுருச்சு. அதுக்கு ஊசி அங்கேயே போட்டாச்சு. நீங்க எனக்கு அதையே மாத்திரையா குடுத்துடுங்க" என்றார். முடியாது, மாடியில் டாக்டர் வசுதா இருக்கிறார், அவரிடம் இடுப்பைக் காட்டுங்கள் என்று சொன்னேன். மாதப்பா சீட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ரொம்ப நியாயமான குரலில் கேட்டார்: "எனக்கு இடுப்பு, லட்சுமிக்குக் கால். வலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே சிஸ்டர்? கையெழுத்துப் போட்டவரும் டாக்டர்தானே?"

இறுகிப்போன பேனா

இந்த டாக்டர் வசுதா பகலில் ஒரு சின்னத் தொண்டு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். சாயங்காலம் எங்கள் கடைக்கு மேலே கிளினிக். வலி என்று யார் வந்தாலும் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்பார். ஆனால் சட்டம் இறுகினதோடு அவர் பேனாவும் இறுகிவிட்டது. தெரிந்த டாக்டர் ஒருவரை, எழுதின சீட்டுகளுக்காகக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து, பாராசிட்டமாலைத் தாண்டி எதை எழுதுவதென்றாலும் யோசித்து, எழுதினதை அடித்து, மறுபடி பாராசிட்டமாலே எழுதுவார்.

அந்தச் சமயத்தில்தான் முருகேசன் எங்கள் கடைக்கு வந்தார். தர்மபுரிப் பக்கத்து ஆள். ரிங் ரோடு ஓரத்தில் ஷெட் போட்டுக்கொண்டு கட்டட வேலை செய்கிறவர். அவர் மனைவி சாந்தியும் அதே இடத்தில் சித்தாள் வேலை செய்தவர்தான். சாந்திக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து, வைத்தியமெல்லாம் ஆகி, இப்போது இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டிருந்தது. சாதாரண மாத்திரைக்கு அந்த வலி அசையவில்லை. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மார்பின் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, வேலையை விட்டுவிட்டுக் காலை ரயிலில் போய் வாங்கி வருவார். ஒரு தடவை போக முடியாமல் மாத்திரை தீர்ந்துபோய்விட்டது. சாயங்காலம் என் ஜன்னலில் வந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணு கிடைக்குமா சிஸ்டர்? அவ கத்துறது தாங்காம பக்கத்து ஷெட்டுக்காரங்க ரேடியோவைச் சத்தமா வெச்சிருக்காங்க" என்றார். என்னிடம் இல்லை. நான் போன் போட்டுக் கேட்ட எந்தக் கடையிலும் இல்லை.

அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன். சொல்லக் கூடாத தொனியில்தான் சொன்னேன்: "மேடம், கீழே வந்து அந்த மனுஷன்கிட்ட நீங்களே 'இல்லை'ன்னு சொல்லுங்க. என்னால முடியல." டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அதை எழுதத் தனக்குப் பயிற்சி இல்லை, வைத்துக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு அனுமதி இல்லை, இரண்டையும் இதுவரை கேட்டுப் பார்த்ததும் இல்லை என்றார். பிறகு எழுந்து கீழே வந்தார். முருகேசனைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய், சாந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷன் தியேட்டரில் இருந்த மருந்தை வைத்து அன்றைக்குச் சமாளித்தார். அடுத்த வாரம் கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினார். பெட்டியோடு கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "பயம் இன்னும் போகல ஜெசிந்தா. ஆனா பயந்துகிட்டே படிக்கலாம், இல்லியா?"

இன்ஸ்பெக்டர் வந்தார்

பயிற்சி முடிந்து வந்த டாக்டர், ஆஸ்பத்திரிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார். மருந்தை வைத்துக் காக்க ஒரு ஃபார்மசிஸ்ட் வேண்டும் என்றதும் நேராக என்னைத்தான் கேட்டார். கடை முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவரே ஒரு டப்பா மைசூர்பாகோடு வழியனுப்பி வைத்தார். ஆஸ்பத்திரி டிரஸ்டிகளுக்குத்தான் உள்ளுக்குள் உதறல். "நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? நாளைக்கு எவனாவது திருடிட்டுப் போனா பேப்பர்ல நம்ம பேருதானே வரும்?" என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்காகவே சுவரோடு சேர்த்துப் பதித்த இரும்பு அலமாரி, அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, சாவிகள் இரண்டு பேரிடம் என்று ஏற்பாடு செய்தோம்.

மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிற நாள் வந்தது. ஹெப்பாள் கடைக்காரர்கள் நடுங்குகிற அதே மனிதர். அவர் மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். சிரிக்க மாட்டார், கொடுத்த காபியைக் குடிக்க மாட்டார். அலமாரியைத் தட்டிப் பார்த்தார். கதவை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் கம்பியை ஆட்டினார். அப்புறம் எங்கள் விண்ணப்பத்தை ஒரு பக்கமும் தன் பையிலிருந்த சட்டப் புத்தகத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தைப் புரட்டினார், நெற்றியைத் தடவினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். டாக்டர் வசுதா என் கையை மேஜைக்கு அடியில் பிடித்துக்கொண்டார். என்னவோ பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான், சாந்திக்குப் பெங்களூர் ரயிலே கதி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்: "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். கடைகளுக்குப் போய் 'குடுக்காதே'ன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். 'குடுக்கிறோம், அனுமதி தாங்க'ன்னு என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல. எனக்கும் இது முதல் தடவை. மூணு பேரும் சேர்ந்து படிச்சுப் பாத்துடலாமா?"

சாந்தி வாய் திறந்தாள்

அனுமதி வந்தது. மருந்தும் வந்தது. என் புது ஜன்னலில் முதலில் வந்து நின்றவர் முருகேசன். சின்ன அளவில் ஆரம்பித்து, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து உண்டு என்று டாக்டர் சொன்னதையெல்லாம் நான் மறுபடி சொன்னேன். அவர் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். சில நாள் கழித்து அவர் வந்தபோது முகம் வாடிப்போயிருந்தது. "ஏண்ணா, வலி குறையலையா?" என்றேன். "வலி குறைஞ்சிருச்சு. குழம்புல உப்பு இல்லன்னு தட்டைத் தள்ளிட்டா. அழுக்குச் சட்டையோட ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னு ஒரு சண்டை. ரேடியோக்காரங்களோட தனியா ஒரு சண்டை" என்றார். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. எத்தனையோ மாதமாக முனகலையும் கத்தலையும் தவிர வேறு சத்தம் வராத வாயிலிருந்து இத்தனையும் வந்திருக்கிறது.

ஒரு நாள் சாந்தியே ஆட்டோவில் வந்து இறங்கினாள். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். ஆனால் தலை வாரிப் பின்னி, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். "மாத்திரைக்கார அக்கா யாருன்னு பாக்கணும்னேன்" என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க நேரத்துக்குச் சாப்பிடறதில்ல போலிருக்கே?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருஷம் தசராவுக்கு முருகேசன் அவளை ஆட்டோவில் சாய்த்து உட்காரவைத்து, ஊரெல்லாம் போட்டிருந்த விளக்கு அலங்காரத்தை ஒரு தெரு விடாமல் காட்டினாராம். அவர்கள் கட்டடம் கட்டின ஊர்தான். அதற்கு முன்னால் ஒரு தசராவிலும் வேலை விட்டு வந்த அலுப்பில் வெளியே கிளம்பினதில்லை.

கார்த்திகை தாண்டி ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே சாந்தி போய்விட்டாள். மீந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. எத்தனையோ பேருக்கு அது ஞாபகம் இருப்பதில்லை, கேட்கவும் மனசு வராது. முருகேசன் காரியம் முடிந்த கையோடு மொட்டைத் தலையுடன் வந்து, அட்டையை ஜன்னலில் வைத்தார். மீதியை எண்ணிக் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவர் சொன்னார்: "கடைசி நாள் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தா சிஸ்டர். எந்தத் தெருவுல எந்தக் கலரு லைட்டு போட்டிருந்தாங்கன்னு அதையேதான் பேசினா. வலியைப் பத்திப் பேச்சே வரல."

கல்யாண மண்டபத்துச் சாவி

அலமாரிக்கு இரண்டு சாவி என்றேன் அல்லவா? ஒன்று என்னிடம், இன்னொன்று தலைமை நர்ஸ் பாக்யத்திடம். பாக்யம் அக்காவுக்கு அறுபதை நெருங்குகிற வயசு. சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். லீவில் போனால் சாவியை டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் உறவுக்காரப் பையனின் கல்யாணம் என்று முதல் நாளே கிளம்பிவிட்டார். சாவியும் அவர் கைப்பையிலேயே கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் நஞ்சன்கூட்டிலிருந்து ஒருவர் தன் அப்பாவுக்கு மருந்து வாங்க வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அப்பாவுக்குக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. என் பூட்டு திறந்துவிட்டது. அடுத்த பூட்டு கல்லு மாதிரி நிற்கிறது. உடைத்துவிடலாமா என்று வாட்ச்மேன் கேட்டார். உடைத்தால் இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்வது யார்?

பாக்யம் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் கெட்டிமேளம் கொட்டுகிறது. "ஐயோ!" என்று ஒரு சத்தம், அப்புறம் லைன் கட். மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அரக்குப் பட்டுப்புடவை, காசு மாலை, தலை நிறைய பூ, நெற்றியில் சந்தனம் என்று பாக்யம் அக்கா இறங்கி வருகிறார். காத்திருந்த நஞ்சன்கூட்டுக்காரர், யாரோ டிரஸ்டி வீட்டம்மா என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். அக்கா யாரையும் பார்க்காமல் நேராக அலமாரிக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, நான் மருந்தை எடுத்துக் கொடுத்து முடிகிறவரை மூச்சு வாங்க நின்றார்.

நஞ்சன்கூட்டுக்காரர் போனதும் அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்: "சரியா மாப்பிள்ளை தாலியைக் கையில எடுக்கறப்ப போன் அடிச்சியே! 'ஐயோ'ன்னு கத்திட்டு நான் எந்திரிச்சு ஓடுனதைப் பாத்து, பொண்ணு வீட்டுக்காரங்க 'யாரு இந்தம்மா, மாப்பிள்ளைக்கு என்ன வேணும்'னு விசாரிக்கறாங்களாம்! இந்த வயசுல எனக்கு இந்தப் பேரு தேவையாடி?"

வெறும் தலைவலி

இவ்வளவு பூட்டு எதற்கு என்று எனக்கே எரிச்சல் வருகிற நாள் உண்டு. அப்போதெல்லாம் கிரணை நினைத்துக்கொள்வேன். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் என்று சொன்னாலும், கல்யாண வயசு தாண்டிய ஆள். ஒரு விபத்தில் கால் முறிந்தது. யாரோ வீரியமான வலி மாத்திரை எழுதினார்கள். எலும்பு கூடிவிட்டது, வலி போய்விட்டது, மாத்திரை மட்டும் போகவில்லை. ஒரு டாக்டர் நிறுத்தினால் இன்னொரு டாக்டர், ஒரு கடை மறுத்தால் இன்னொரு கடை என்று ஊரைச் சுற்றிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தான். சீட்டில் தேதி மட்டும் வேறு மையில் இருந்தது. தர முடியாது என்றேன். ஜன்னல் பலகையில் ஓங்கி அடித்தான். கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டுகிற வாய்க்குக் கீழே கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமும் பரிதாபமும் ஒரே நேரத்தில் வந்தது.

டாக்டர் வசுதாவைக் கூப்பிட்டேன். அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. கிரணை உள்ளே உட்காரவைத்து, "இன்னிக்கே நிறுத்தச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். ஆனா ஒரே டாக்டர், ஒரே ஜன்னல். வேற எங்கேயும் போகக் கூடாது" என்றார். போதைப் பழக்கத்துக்கென்று இருக்கிற டாக்டரிடம் அவரே போன் பேசி அனுப்பி வைத்தார். சொன்ன உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு தடவை வராமல் ஓடிப்போனான். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குறைத்த அளவைக் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் "இது எப்படிப் போதும்?" என்று சண்டை போட்டான். நானும் விடாமல் சண்டை போட்டேன். மழைக்காலம் போய், குளிர்காலம் போய், மாத்திரையும் ஒரு வழியாகப் போனது.

அப்புறம் ரொம்ப நாள் அவனைக் காணோம். கெட்டதாகத்தான் எதையோ நினைத்துக்கொண்டேன். ஒரு சித்திரை மாத மத்தியானம், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். கன்னத்தில் சதை வைத்திருந்தது. பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நுழைத்துச் சொன்னான்: "சிஸ்டர், ஒரே ஒரு பாராசிட்டமால். சத்தியமா வெறும் தலைவலிதான். இந்த வெயில்ல ஊரெல்லாம் மசால் தோசை கொண்டுபோறவனுக்கு வேற என்ன வரும்?"

பாலாற்றிலிருந்து ஒரு போன்

பழனிச்சாமி அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகெலும்பில் நோய். எங்களிடம் முதலில் வந்தபோது ஸ்ட்ரெச்சரில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் வந்தார். மருந்து ஆரம்பித்து வலி கட்டுக்குள் வந்ததும், மேட்டூர்ப் பக்கம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போயே தீருவேன் என்றார். அவ்வளவு தூரம் உட்கார்ந்துகொண்டு போக முடியுமா என்று டாக்டர் தயங்கினார். "உக்காந்துதான் போகணும்னு யாரு சொன்னா மேடம்? வேலை பாத்த காலம் பூரா நான் நின்னுக்கிட்டேதானே போனேன்" என்றார் அண்ணன். அதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டார்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டுபோங்கள், டாக்டர் சீட்டு கூடவே கையில் இருக்கட்டும், மாநில எல்லையில் கேட்பார்கள் என்று அவர் மகனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மகன் பத்திரமாக இருக்கட்டும் என்று சீட்டைச் சூட்கேஸின் அடியில், பட்டு வேஷ்டிக்குக் கீழே வைத்துவிட்டார். சூட்கேஸ் வேனின் மேலே கட்டியிருந்தது. எல்லையில் இருக்கிற பாலாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்ட காவலர், மாத்திரை அட்டையைப் படித்துவிட்டார். அட்டையோடு நான் கட்டிவைத்திருந்த நம்பரைப் பார்த்து எனக்கே போன் போட்டார். "மேடம், இங்க மார்பின்னு போட்டிருக்கு. என்ன இது?" என்றார். குரல் கறாராக இருந்தது. நான் விவரத்தைச் சொன்னேன்: நோயாளி யார், என்ன நோய், எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கிறது, சீட்டு சூட்கேஸில் இருக்கிறது, தயவுசெய்து கீழே இறக்கிப் பாருங்கள், அவருக்கு அடுத்த வேளை மருந்து நேரம் நெருங்குகிறது.

"இருங்க" என்றார். போனைக் கட் பண்ணவில்லை. கயிறு அவிழ்க்கிற சத்தம், சூட்கேஸ் திறக்கிற சத்தம், யாரோ பட்டு வேஷ்டி கீழே விழுகிறது என்று கத்துகிற சத்தம். நடுநடுவே ஹாரன். அதற்கும் மேலே, காதைக் கிழிக்கிற மாதிரி விட்டுவிட்டு ஒரு விசில். அங்கே என்ன நடக்கிறது என்று புரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கடைசியில் காவலர் லைனுக்கு வந்தார். கறார் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது: "மாத்திரை, சீட்டு எல்லாம் சரியா இருக்கு மேடம், தாராளமா கொண்டுபோகட்டும். ஆனா இந்தப் பெரியவர் வேனை விட்டு இறங்கி நின்னு, பின்னாடி நிக்கிற பஸ்ஸையெல்லாம் விசில் அடிச்சு 'ரைட், ரைட்'டுன்னு அவரே அனுப்பிக்கிட்டிருக்காரு. அந்த விசிலைப் பறிமுதல் பண்ண உங்க சட்டத்துல ஏதாவது இடம் இருக்கா?"

இத்தனை பூட்டையும் சாவியையும் சீட்டையும் முத்திரையையும் தாண்டி மாத்திரை சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்கிற சந்தோஷத்தில் நாளெல்லாம் ஜன்னலில் நிற்கிறேன். நின்று நின்று வந்த என் குதிகால் வலிக்கு டாக்டர் வசுதா எழுதிக் கொடுத்திருப்பது வெந்நீர் ஒத்தடம் மட்டும்.